யாம் சுக்கான் புதுக்கிய கோடை

விடுமுறையைக் கழித்த வகையை எழுதித் தருமாறு பத்திராசிரியர் பணித்தபோது, எம் வகுப்பினருட் சிலர் கொடைக்கானலையும் சிலர் குற்றாலத்தையும் எழுதப் புகுந்தனர். யாமோ தூத்துக்குடிக் கடற்கரையில், எண்ணெய்க் கறை படிந்த வேட்டியுடன், எந்தையாரின் விசைப்படகுக்குத் திசைதிருப்பும் பொறி புதிதாய் அமைப்பதிற் கழித்தோம். அஃது ஓர் எழுதத் தக்க பொருளோ என ஐயுற்றோமாயினும், எழுதாதொழிதற்கு மனம் ஒருப்படவில்லை.

கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது என்பது அரசினர் விதி. மீனினம் முட்டையிட்டுப் பெருகுதற்கென விட்ட காலம் அது. வலைக்கு ஓய்வாயினும் சம்மாட்டிக்கு ஓய்வில்லை. ஓடாவியைத் தேடிப் பலகை மாற்றுதலும், எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தலும், வண்ணம் பூசுதலும் இவ்விரு திங்களுள் முடிதல் வேண்டும்.

எம் படகில் அதுகாறும் இருந்தது பழைய சங்கிலி முறை. கைச்சக்கரத்தைச் சுழற்றினாற் சங்கிலி இழுபடும். அதனொடு பிணித்த கம்பிவடங்கள் கப்பிகளின் வழியே பின்புறஞ் சென்று சுக்கான் தண்டின் கையை வலமும் இடமும் ஈர்க்கும். எளிய முறைதான், ஆயினும் உப்புக் காற்றுக்கு இரும்பு நெடுநாள் நில்லாது.

நிற்க. முன்னாண்டு விடுமுறையில் அச்சங்கிலியைத் துடைத்துக் கிரீசு இடும் பணி எம்பால் விடப்பட்டிருந்தது. சங்கிலியையும் வடத்தையும் இணைக்கும் வளையமொன்று தேய்ந்து மெலிந்திருந்ததை யாம் கண்டோம். கண்டும், அதன்மேல் நீல வண்ணத்தைப் பூசி விடுத்தோம். அன்று மாலை நண்பரில்லத் திருமணத்திற்குச் செல்லும் விரைவு; வேறு காரணமில்லை. ஐந்து திங்கள் கழிந்து, யாம் இலக்கண வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு நாளில், துறைமுக வாயிலருகே அவ்வளையம் அற்றது. அண்ணன் பின்புறம் பாய்ந்து சுக்கான் கையைத் தம் தோள்வலியாற் தள்ளினார். படகு அலைதடுப்புக் கல்லில் மோதாது தப்பியது. கப்பியிடை அகப்பட்ட அவர்தம் வலக்கை விரல்கள் இரண்டு தப்பவில்லை. அதன்பின் அவர் கடல் புகவில்லை. வளையத்தைப் பற்றி யாம் எவரிடத்தும் வாய் திறக்கவில்லை.

இவ்வாண்டு எந்தையார் ஹைட்ராலிக் முறையே வேண்டுமெனத் துணிந்தார். அதன் விலைக்கென எம் அன்னையாரின் கழுத்துச் சங்கிலி அடகுக்குச் சென்றது. இப்புதுமுறையில் சக்கரத்தின் பின்னே ஒரு சிறு பம்ப். அதனின்று இரண்டு எண்ணெய்க் குழாய்கள். பின்புறத்தே சுக்கான் கையை உந்தும் ஒரு சிலிண்டர். சக்கரம் சுழலும் பக்கத்திற்கேற்ப எண்ணெய் ஒரு குழாயிற் சென்று மற்றொன்றில் மீளும்.

சுக்கான் என்னுஞ் சொல் அரபு மொழியினின்று வந்ததென்பர். ஆயினும் யாக்கோபின் நிருபத்தைத் தமிழிற் பெயர்த்தோர் அதனையே ஆண்டனர். எம் கடற்கரையாருக்கும் வேறு சொல்லில்லை. சுக்கானே இல்லாத படகும் உலகில் உண்டு. நியூசிலாந்து நாட்டு வில்லியம் ஹாமில்டன் என்பார் 1950-களில், ஆழமற்ற ஆறுகளிற் செல்லுதற்கென, நீரை உறிஞ்சிப் பின்னே பீச்சியோடும் படகினைச் செப்பஞ் செய்தார். நீர் பீச்சும் வாயைத் திருப்பியே திசை மாற்றுவர். பீச்சுவதைக் குறைத்தாலோ திருப்பும் வலியும் உடன் குன்றும். இதனை யாம் கூறக் கேட்ட எந்தையார், "அது நமக்காகாது, தம்பி" என்று முடித்துவிட்டார்.

பொறியைப் பூட்டுதல் மூன்று நாளில் முடிந்தது. காற்றை வெளியேற்றுதலே எம்மை வாட்டியது. குழாயிற் காற்றுக் குமிழி தங்கின், எண்ணெயைப் போலன்றி அது அமுங்கிக் கொடுக்கும்; சக்கரம் பஞ்சுபோற் சுழலும், சுக்கான் அசையாது. அண்ணன் இடக்கையாற் சக்கரத்தை மெல்லச் சுழற்ற, யாம் பின்னறையிற் குப்புறக் கிடந்து சிலிண்டரின் திருகாணியைத் தளர்த்தியும் இறுக்கியும் வந்தோம்.

"குமிழி வருகின்றதா, தம்பி?"

"வருகின்றது, அண்ணா."

இரண்டு நாள் இதுவே பேச்சு. இறுதியில், குழாயொன்று உத்திரத்தின்மேல் வளைந்தேறிய முகட்டிற் காற்று தங்கியிருந்ததைக் கண்டு, குழாயைத் தாழ்த்திப் பட்டையிட்டு இறுக்கினோம். பின் குமிழியின்றித் தெளிந்த எண்ணெய் வந்தது. அதனைக் காண அண்ணனும் பின்னறைக்கு இறங்கி வந்தார். அவ்விருளில் அவர் முகந் தெரியாமையாற் போலும், எமக்கு நா எழுந்தது. வளையத்தின் செய்தியை உரைத்தோம்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அறிவேன். தேய்ந்த இடத்தின்மேல் உன் நீல வண்ணம் இருந்ததே. திருகாணியை இறுக்கு, எண்ணெய் ஒழுகுகின்றது" என்றார்.

யாம் இறுக்கினோம். கை நடுங்கியதால் இருமுறை சாவி நழுவிற்று.

பொறி பழுதுறின் சுக்கானைக் கையால் திருப்புதற்கென, தண்டின் தலையைச் சதுரமாக அராவி அதிற் பொருந்தும் இரும்புப் பிடியொன்றும் அவர் செய்வித்தார். அப்போது சிலிண்டர் தடையாகாதிருக்க, இரு குழாய்களையும் இணைத்துத் திறக்கும் வால்வும் வைத்தோம். புதுப்பொறிக்கு இவை எதற்கென மெக்கானிக் நகைத்தார். அண்ணன் நகைக்கவில்லை.

ஜூன் 15 விடியற்குமுன் படகுகள் புறப்பட்டன. கரையில் எம்முடன் நின்ற அண்ணன், ஒன்றுங் கூறாது படகில் ஏறிச் சக்கரத்தைப் பற்றினார். விளக்குகள் பல ஒருங்கே வாயிலைக் கடந்தமையால் எம் படகு எதுவென அறியக்கூடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மீண்டவர் எம்மைக் கண்டதும், "வலப்பக்கந் திருப்புங்கால் சிறிது கனக்கின்றது, தம்பி. காலையிற் பார்ப்போம்" என்றார். யாம் அவ்விரவே சாவிகளைத் துடைத்து எடுத்து வைத்தோம்.