பாடும் வில்லுக்குப் பனை

குற்றாலத்துக்கு ஸீஸனில் போகிறவர்கள் அருவியிலே தலையைக் கொடுத்துவிட்டு, உடனே வயிற்றைக் கவனிக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். மலையைப் பார்த்த கண்ணைக் கிழக்கே திருப்புகிறவர்கள் சிலரே. தென்காசிக் கோபுரத்தைத் தாண்டிச் சுரண்டைப் பக்கம் சென்றால் சாரல் தேய்ந்து வெயில் வலுக்கும். புன்செய்க் கரைகளில் பனைகள் தென்படும். நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுக்கு வில் கொடுத்த மரம் அது.

வேல்ஸ் நாட்டார் ஒரு காலத்தில் எல்ம் மரத்தில் போர்வில் செய்தார்கள். அம்பு பாய்ந்ததும் அந்த வில்லுக்கு ஓய்வு உண்டு. சுடலைமாடன் கொடையில் பாடும் வில்லுக்கு ஓய்வேது? இரவு முழுதும் நாண் இறுகி நிற்க வேண்டும். வீசுகோல் படுந்தோறும் அதிர்ந்து, தண்டிலே கட்டிய மணிகளைக் குலுக்க வேண்டும். வளைந்தால் மட்டும் போதாது. சளைக்காத மரமாயிருக்க வேண்டும்.

பனையின் அமைப்பே விசித்திரமானது. தேக்கு, வேம்பு முதலியவற்றில் வைரம் நடுவே இருக்கும். பனையிலோ நடுப்பகுதி வெறும் சோறு. வைரமெல்லாம் வெளிச்சுற்றில், அதிலும் அடிமரத்தில்தான் அதிகம். ஆகையால் முதிர்ந்த மரமே வேண்டும். அடித்துண்டை நெடுக்கே பிளந்து உட்புறத்தைச் செதுக்கித் தள்ளினால், கறுத்த நார் ஓடும் கட்டை மிஞ்சும். கூரைக்குப் பனங்கை எடுப்பதும் இவ்விதமே. அதை நிழலில் உலர்த்தி, நடுவில் பருத்தும் முனைகளில் மெலிந்தும் இருக்கும்படி இழைக்க வேண்டும். உளி தவறி நார் குறுக்கே அறுந்ததோ, தோல் நாணை இழுத்துக் கட்டும்போது அந்த இடத்திலேதான் முறியும். தோல் நாணுக்குச் சாரலும் ஆகாது, ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். நமக்கு இன்பமாயிருப்பது அதற்குத் துன்பம்!

இந்த வில்லை வைத்துத்தான் கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையைப் பாடினார். நெல்லைச் சீமையில் பிறந்து 2022-ல் மறைந்த சுப்பு ஆறுமுகம், வில்லிசைக்காக 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே 2021-ல்தான், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழ்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. செங்கல் சூளைகள் பனையை விழுங்கிய வேகத்தைக் கண்டவர்கள் இதைக் குறை கூற மாட்டார்கள். ஆனால் வில்லுக்கு ஒரு மரம் கேட்கும் புலவரும், சூளைக்கு நூறு மரம் கேட்கும் வியாபாரியும் ஒரே வாசலிலே மனுவோடு நிற்க வேண்டியிருக்கிறது.

உருக்குக் கம்பியை வளைத்து வில்லாக்கிக் கொண்டவர்களும் உண்டு. அது முறியாது என்பது வாஸ்தவம். என் காதுக்கோ, அந்தக் கணகணப்பு மண்குடத்தின் ஓசையோடு ஒட்டவேயில்லை.

செங்கோட்டைக் கணவாய் வழியே ஆடியில் வீசும் காற்றுக்குக் கிழப்பனைகள் சில தாமாகவே சாய்வதுண்டு. அவற்றை அடுப்புக்கு அனுப்புமுன் ஊரார் வில் கட்டுகிறவருக்கு ஒரு சொல் சொல்லியனுப்பினால், கோடரியும் வேண்டாம், மனுவும் வேண்டாம்.