பேட்டரியை மாற்றினேன்

அம்மாவுக்கு பிரஷர் பார்க்கும் கருவி வாங்கித் தந்தவன் நான்தான். ஆடி மாதம் ஒரு நாள் அதன் திரையில் இதயம் போட்ட குறி ஒன்று மின்னி மின்னி மறைந்தது. "வரப்புல எலி ஓடுற மாதிரி நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுதுடா" என்றாள். வாயு என்று ஓமத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். கருவிக்குப் புது பேட்டரி போட்டேன். குறி போகவில்லை. மட்டமான சரக்கு என்று பரணில் தூக்கிப் போட்டேன்.

புரட்டாசியில், திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயலில் சம்பா நடவு. அம்மாவின் இடக்கையிலிருந்து நாற்று முடி நழுவியது. எடுக்கக் குனிந்தவளுக்கு விரல் மடங்கவில்லை, வாய் கோணியது. அரை மணியில் சரியாகிவிட்டது. வெயில் மயக்கம் என்று அதையும் நான் தள்ளியிருப்பேன். சித்திதான் விடாப்பிடியாகத் தஞ்சாவூருக்கு வண்டி பிடித்தாள்.

ஈசிஜிக்கு முன்பே, மணிக்கட்டில் விரல் வைத்ததும் டாக்டருக்குப் பிடிபட்டுவிட்டது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350-க்கும் மேல் படபடக்கும். தேங்கும் ரத்தம் உறையும். உறைந்த துணுக்கொன்று மூளைக்குப் போயிருக்கிறது. பரணில் கிடந்த கருவி மின்னிக் காட்டியது இந்தத் தவறிய துடிப்பைத்தான். "சின்ன வயசுல தொண்டைப்புண் வந்து மூட்டு வீங்குச்சாம்மா?" என்றார். பத்து வயதில் வீங்கியதாம். நான் கேட்டதே இல்லை. தொண்டைக் கிருமியோடு மல்லுக்கட்டிய உடம்பு, அந்த வேகத்தில் மைட்ரல் வால்வையும் அழற்சியால் சுருக்கிவிட்டிருந்தது.

உறுத்தல் தாளாமல், துடிப்பு ஏன் தவறுகிறது என்று படிக்க உட்கார்ந்தேன். படித்துப் படித்து மைக்ரோஆர்என்ஏவில் போய் நின்றேன். 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு புழுவில் கண்டு சொன்ன அந்தச் சிறு ஆர்என்ஏவுக்கு 2024-ல்தான் நோபல் பரிசு. சுமார் 22 எழுத்து நீளம். வேலை எங்கள் மடைக்காரருடையது. மரபணு அனுப்பும் சேதி புரதமாகப் பாயுமுன் மடையை அடைக்கும். அவற்றில் 29-ஆம் எண்ணுள்ளது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் மடையைக் காக்கிறது. அது குறைந்தால், இல்லை 21-ஆம் எண் ஓங்கினால், இதயச் சுவரில் நார் படியும்; தூர் வாராத வாய்க்கால் தண்ணீர்போல மின்னோட்டம் கண்டபடி சிதறும். அழற்சி இந்த மடைமுறையைக் குலைக்கிறது. துடிப்பு தவறத் தவற அழற்சியும் ஏறுகிறது.

அம்மாவுக்கு இந்த மைக்ரோஆர்என்ஏவைச் சோதிக்கலாமா என்று டாக்டரிடம் பெரிய படிப்பாளியாகக் கேட்டேன். "அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துலதான். உங்களுக்கு நாடி பாக்கத் தெரியுமா?" என்றார்.

இப்போது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வில், வால்வு கெட்ட இத்தகையவர்களுக்குப் புதிய ரிவராக்சபானைவிட இந்தப் பழைய வகை மருந்தே மேலாக இருந்தது. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனை தவறக்கூடாது. முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விட்டால் கணக்குப் பிசகும். அம்மாவோடு சண்டை அதில்தான்.

காலையில் கையை நீட்டுவாள். விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். முடியும்வரை பொறுத்திருந்து கேட்பாள்: "பேட்டரி இருக்காடா?"