பழைய பெட்டியும் புதிய மென்பொருளும்

2014-ஆம் ஆண்டு நமது கிளினிக்கிற்கு ஒரு கணிப்பொறி வாங்கினோம். 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். நோயாளியின் பெயரை அடித்தால் மூச்சு விடுமுன் அவருடைய குறிப்புகள் திரையில் வந்து நிற்கும். பிற்பாடு மென்பொருளை ஆக்கியோர் ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம், கைப்பேசிக்கு அனுப்பும் மருந்துச் சீட்டு என ஆண்டுதோறும் ஒன்றைச் சேர்த்தனர். யாவும் பயனுள்ளவையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் பாரம் ஏற்றியவர்கள் மாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2025 ரமளானில் ஒரு நாள். அஸர் தொழுது வந்து அமர்ந்திருந்தோம். நோன்பு திறக்க வீடு சேரவேண்டுமே என்ற அவசரம். காய்ச்சலும் தொண்டைப் புண்ணுமாக ஒரு மூதாட்டி வந்தார். பெயரை அடித்தோம். திரையில் வட்டம் சுழன்றது; சுழன்றுகொண்டே இருந்தது.

"என்னைப் பார்க்காம அதையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, தம்பி?" என்றார்.

வெட்கமாகிவிட்டது. பேனாவை எடுத்து அமாக்ஸிசிலின் என எழுதத் தொடங்கினோம். பாதி எழுதுவதற்குள் திரை விழித்தது. பென்சிலின் ஒவ்வாது என்று சிவப்பெழுத்தில் நின்றது. 2016-இல் நாமே பதிந்த குறிப்பு! அமாக்ஸிசிலினும் பென்சிலின் இனத்தைச் சேர்ந்ததுதான். சீட்டைக் கிழித்தோம். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டியது நமது கடமை. குற்றம் முழுவதையும் பெட்டியின் தலையில் கட்ட மனம் ஒப்பவில்லை.

மறுநாளே பழுது பார்க்கும் இளைஞர் வந்தார். "ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடுவோம், டாக்டர். ராமையும் 8 ஆக்கிடலாம்" என்றார். சுழலும் தட்டில் தேடி எடுக்கவேண்டியிருந்ததை, அசையும் உறுப்பே இல்லாத சில்லுகள் நொடியில் எடுத்துத் தந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

அந்த மகிழ்ச்சி அரையாண்டே நீடித்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. மென்பொருள் நிறுவனமும் இனி விண்டோஸ் 11 தான் என்று எழுதிவிட்டது. அதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் புதிய தலைமுறை பிராசசரும் வேண்டும். நமது பெட்டியில் இரண்டும் இல்லை. ஓடுகிற ஒன்றை ஒதுக்குவது வீண்விரயம் அல்லவா என்று சில இரவுகள் மனம் உறுத்தியது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல், திருத்தம் ஏற்றாத கணிப்பொறிகளில் புகுந்து இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியதும், ஆயிரக்கணக்கான நோயாளிகள் சிகிச்சை தள்ளிப்போய் நின்றதும் நினைவுக்கு வந்தன. வாங்கிவிட்டோம், இம்முறை 16 ஜி.பி. ராம்.

பதிவுகளை மாற்றி முடித்ததும் முதலில் அந்த மூதாட்டியின் பக்கத்தைத்தான் திறந்தோம். சிவப்பெழுத்து பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. பழைய பெட்டியிலிருந்த நோயாளர் குறிப்புகளை அடியோடு அழித்து, மதரஸாப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகக் கொடுத்தோம். இணையத்தோடு மட்டும் இணைக்கவேண்டாம் என்று உஸ்தாதிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தோம்.