ஜப்பானின் சுவீகாரப் பிள்ளை

ஜப்பான் தேசத்துக்குப் போய் வந்தவர்கள் புஜி மலையைப் பற்றிச் சொல்வார்கள். செர்ரிப் பூக்களைப் பற்றிச் சொல்வார்கள். நிமிஷம் தவறாத ரயில் வண்டிகளைப் பற்றிச் சொல்வார்கள். "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதிலும் சைவ உணவுக்காரர்களாயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகையால், ஜப்பானியர் பெரிதும் விரும்பி உண்ணும் 'ராமென்' என்னும் பதார்த்தத்தைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

கோதுமை மாவை நீண்ட இழைகளாக்கிக் கொதிக்கும் சாற்றில் இட்டுத் தருவதுதான் ராமென். நம் ஊர்ச் சேவைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். மாவு பிசையும் தண்ணீரில் 'கான்சுயி' என்ற ஒரு காரத்தைச் சேர்க்கிறார்கள். நம் பாட்டிமார் உளுந்து மாவில் சேர்க்கும் அப்பளக்காரத்தின் ஜாதியைச் சேர்ந்ததே அது. இழைக்கு மஞ்சள் நிறமும் துள்ளும் குணமும் அதனால்தான் வருகின்றன. கிண்ணத்தின் அடியில் முதலில் உப்புச் சாரமோ, சோயாச் சாறோ, 'மிஸோ' என்னும் புளிக்கவைத்த சோயா விழுதோ இடுவார்கள். அதன்மேல் கொதிக்கும் சாறு, அதற்குள் இழை, எல்லாவற்றுக்கும் மேலே காய்கறி முதலியன. வடக்கே ஸப்போரோ நகரம் மிஸோ ராமெனுக்குப் பெயர் போனது. தெற்கே ஹகாட்டாவில் பன்றி எலும்பை மணிக்கணக்காக, சாறு பால்போல் வெளுக்கும் வரையில் காய்ச்சுகிறார்கள்.

எங்கள் கவலையெல்லாம் அந்தச் சாற்றைப் பற்றித்தான். மேலே கிடக்கும் மாமிசத் துண்டை எடுத்துப் போடலாம்; சாற்றில் கரைந்ததை எப்படி எடுப்பது? வெறும் காய்கறிக் குழம்பாகத் தோன்றுவதில்கூட உலர்ந்த மீனின் சாறு கலந்திருப்பது அங்கே சகஜம். ஆகவே, 68 வயதான எங்கள் அன்னை முதல் 5 நாட்களும் வெள்ளைச் சோறு, வாழைப்பழம், ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி ஆகியவற்றுடன் விடுதி அறையிலேயே காலம் தள்ளினார். "எனக்கு என்ன குறைச்சல்?" என்று சொல்வார். குறைச்சல் எங்களுக்குத்தான் இருந்தது. குடும்பமாகப் புறப்பட்டு வந்துவிட்டு, உண்ணும் வேளையில் பெற்றவளைத் தனியே விட்டால் சோறு தொண்டையில் இறங்குமா?

ஆறாம் நாள், டோக்கியோவில் ஒரு பெரிய ரயில் நிலையத்துக்குள் மாமிசம், மீன், முட்டை, பால் ஒன்றும் சேர்க்காத ராமென் கடை ஒன்றைக் கண்டுபிடித்தோம். எள் விழுதும் சோயாப் பாலும் கலந்த சாறு; அதன்மேல் சிவக்க மிளகாய் எண்ணெய். அன்னை கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "எள்ளு வாசனையடா!" என்றார். "பாட்டி, இங்கே சத்தம் போட்டு உறிஞ்சினால் தப்பில்லையாம்" என்றாள் பேத்தி. "ரசம் குடிக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வித்தையா?" என்று பதில் வந்தது.

ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது மட்டும் அங்கே பெரிய அபசாரம். தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுக்கும்போதுதான் அப்படிச் செய்வார்களாம். இதைக் கேட்டதும் அன்னைக்கு ஜப்பானியர்மீது மதிப்பு உயர்ந்துவிட்டது. "ஆசாரம் தெரிந்தவர்கள்" என்று சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்தார். அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது.

இத்தனைக்கும் ராமென் ஜப்பானில் பிறந்ததன்று. யோகோஹாமா முதலிய துறைமுகங்களில் குடியேறிய சீனர்கள் கொண்டுவந்தது. நெடுங்காலம் 'சீன ஸோபா' என்றே வழங்கியது. 1910-ல் ஓஸாகி கான்இச்சி என்பவர் யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை வரவழைத்து, டோக்கியோவின் அஸகுஸாவில் 'ராய்ராய்க்கென்' என்ற கடையைத் திறந்தார். 1945-ல் யுத்தம் முடிந்து அரிசிக்குப் பஞ்சம் வந்த பிறகு, அமெரிக்கக் கோதுமை கப்பலேறி வந்தது; தெருவோரக் கடைகளில் ராமெனாகிப் பசி தீர்த்தது. ஒஸாகாவில் அத்தகைய கடையின் முன்பு ஜனங்கள் குளிரில் வரிசையாக நின்ற காட்சி ஆண்டோ மொமொஃபுகு என்பவரின் மனத்தை விட்டு அகலவில்லை. 1958-ல் வெந்நீர் ஊற்றிய சில நிமிஷங்களில் தயாராகும் ராமெனை அவர் செய்து முடித்தார். அவரும் தைவானில் பிறந்தவரே.

இழை சீனருடையது, மாவு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆயினும் ராமென் யாருடையது என்று கேட்டால் உலகம் ஜப்பானைத்தான் காட்டுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஊருக்கு ஊர் ஒரு பக்குவம் கண்டு, அதை அவர்கள் சீராட்டி வளர்த்திருக்கிறார்கள். நம் மிளகாயும் காபியும் கடல் கடந்து வந்தவைதாமே? அவற்றை அந்நியர் என்று எந்தத் தமிழ்ச் சமையலறை சொல்லும்?

ஜப்பானுக்குப் புறப்படும் சைவ நேயர்கள், "காய்கறி உண்டா?" என்று கேட்பதைவிட, "சாறு எதில் காய்ச்சியது?" என்று கேட்பது நலம்.

ஊர் திரும்பிய மறுவாரம் எங்கள் அன்னை எள்ளை வறுத்து அரைத்துச் சாறு காய்ச்சி, மிளகாய் வற்றல் தாளித்து, சேவையின்மேல் ஊற்றிப் பரிமாறினார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.