படமும் வேதமும்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் மேசை நாற்காலி இல்லாவிட்டாலும் முன்னறைப் பலகைச் சுவரில் தேவமாதா படமோ அந்தோணியார் படமோ கட்டாயம் இருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் வாசற்படி இறங்குவார்கள்.

எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது புனித அன்னம்மாளின் படம். புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில் வாங்கி, சாமியாரிடம் மந்திரித்து வந்தது. ஜூலை 26-ஆம் நாள் வரும் அந்தத் திருநாளுக்கு லாரி பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன தோட்டத்து மக்களில் பாட்டியும் ஒருவர். படத்தில் அன்னம்மாள் ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பார். சிறுமி மரியாள் பக்கத்தில் நின்று அதை வாசிப்பாள். தாய் மகளுக்கு வேதம் கற்றுக் கொடுக்கும் காட்சி அது.

பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. சம்பளம் வாங்கக் கைநாட்டுத்தான். அந்நாளில் பூசையும் இலத்தீனில்தான் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் மக்கள் பேசும் மொழிக்கு இடம் கொடுத்த பிறகே படிப்படியாகத் தமிழ்ப் பூசை வந்தது. அதுவரை பாட்டிக்குக் கண்தான் வேதம் படித்துக் கொடுத்தது. "பாருடா, ஏசுசாமியைப் பெத்த தாயே படிச்சிருக்கா. நீ என்னடான்னா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுறே!" என்று என் காதைத் திருகுவார். மாலையில் அந்தப் படத்தின் கீழே என்னை உட்கார வைத்து, சுவிசேஷத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

பாட்டிக்குப் பின் அந்தப் படம் என் அக்காளிடம் வந்தது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோதும் அக்காள் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தினால்தான் சில ஆண்டுகளுக்கு முன் அந்த வீடு இரண்டாகப் பார்த்தது. அக்காள் மகன் வேறொரு சபைக்குப் போகத் தொடங்கியிருந்தான். ஒரு நாள் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டான். அக்காள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஆள் வந்தது.

"மாமா, யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் சுரூபம் செய்து வணங்கக்கூடாது என்கிறதே!" என்றான். நியாயமான கேள்வி. கேட்டவனைக் கோபித்துப் பயனில்லை. அவனுடைய வேதாகமத்தையே வாங்கிப் புரட்டினேன்.

அதே யாத்திராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியின்மேல் இரண்டு பொற் கேருபீன்களைச் செய்யும்படி ஆண்டவரே கட்டளையிடுகிறார். எண்ணாகமம் 21-இல் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி வெண்கலச் சர்ப்பம் செய்யச் சொல்கிறார். யோவான் 3-இல் இயேசு தாம் சிலுவையில் உயர்த்தப்படுவதை அந்தச் சர்ப்பத்தோடு ஒப்பிடுகிறார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் மக்கள் அதே சர்ப்பத்துக்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா அரசன் அதை உடைத்துப்போட்டான். இது இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் 18-இல் இருக்கிறது. செய்யச் சொன்னதும் வேதம். உடைத்தவனை நல்லவன் என்பதும் வேதம்!

ஏறக்குறைய 600-ஆம் ஆண்டில் மார்செய் நகரத்து ஆயர் கோவில் படங்களை உடைத்தபோது பெரிய கிரகோரி பாப்பரசர் அவருக்குக் கடிதம் எழுதினார். படங்களை ஆராதிக்க விடாதது சரி, உடைத்தது தவறு, எழுத்தறியாதவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்பது அதன் சாரம். 787-இல் நீசேயாவில் கூடிய சங்கமும், ஆராதனை கடவுள் ஒருவருக்கே, படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் காட்டப்படுகிறவரைச் சேரும் என்று தீர்த்துச் சொன்னது.

"அன்னம்மாள் பெயரே வேதத்தில் இல்லையே மாமா?" என்று அடுத்த கேள்வி போட்டான். உண்மைதான். அந்தப் பெயர் இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு பழைய நூலில் வருகிறது. திருச்சபை அதை வேதமாக ஏற்கவில்லை. ஆனால் லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடும் பாட்டை, முதல் சாமுவேல் 2-இல் அன்னாள் பாடிய பாட்டோடு வைத்துப் பாருங்கள். ஒன்றின் சாயல் மற்றதில் தெரியும். மரியாளின் நெஞ்சில் வேதம் ஊறியிருந்தது. அதை யாரோ ஒருவர் சிறு வயதிலேயே ஊட்டியிருக்க வேண்டும் அல்லவா? அன்னாள், அன்னம்மாள் இரண்டும் ஒரே பெயர்தான்.

அக்காளிடமும் ஒன்று சொன்னேன். மந்திரித்த படமானாலும் அது தேவதிரவிய அனுமானம் ஆகாது. ஞானஸ்நானத் தண்ணீரும் நற்கருணை அப்பமும் வேறு, படம் வேறு. படத்துக்கு மாலை போட்டுவிட்டுச் சம்பள நாளில் கள்ளுக்கடையில் விழுந்து கிடந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். படம் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை. அது கைகாட்டி மரம் போன்றது. வழியைக் காட்டும், நடக்க வேண்டியவர்கள் நாம்.

மருமகன் மனம் மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். இன்றும் அவன் சபை வேறுதான். படம் இப்போது அக்காளின் படுக்கையறையில் இருக்கிறது. அக்காளுக்குக் கண் மங்கிவிட்டது. இரவில் அவன்தான் தாய்க்கு வேதம் வாசித்துக் காட்டுகிறான்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். அதைத் துடைத்து வையுங்கள், பூ வையுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு அதன் கீழே உட்கார வைத்து ஓர் அதிகாரம் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத எங்கள் பாட்டி அதைத்தான் செய்தார்.