வடிகட்டி

கசடு நீக்கும் தொழிலுக்குத் தமிழில் சொற்கள் பலவுண்டு. சோற்றிலிருந்து கஞ்சியைப் பிரிப்பது வடித்தல். நீரில் அலசி அரிசியிலிருந்து கல்லைப் பிரிப்பது அரித்தல். மண்டி அடியில் தங்கிவிட, மேலே நின்ற தெளிவை மட்டும் சாய்த்தெடுப்பது இறுத்தல். நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமையாகக் கூறியவற்றுள் நெய்யரியும் ஒன்று. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. பனைகள் நிறைந்த எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் நெய்யரிக்குப் பஞ்சமில்லை. மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றி வலைபோற் பின்னிக் கிடக்கும் பன்னாடையே அது. அச்சொல் இன்று வசைமொழியாக வழங்குவதற்கும் இவ்வுவமையே காரணம் போலும். பாவம், பன்னாடை! கசட்டைப் பற்றிக்கொள்வதற்காகவே அதனை நாம் மரத்திலிருந்து எடுத்து வருகிறோம். மாணவனுக்குக் குற்றமாவது வடிகட்டிக்குக் குணமாகும்.

எங்கள் பகுதியில் வடிகட்டியின் அருமையை முதலில் உணர்த்தியது தண்ணீரே. மழை பெய்தபின் ஊருணி நீர் செந்நிறமாய்க் கலங்கியிருக்கும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால், சிறிது நேரத்தில் சேறு அடியிற் படியும். கலித்தொகைக் காலத்தவரே இதனை அறிந்திருந்தனர். ஆயின், சேறு தெளிந்த நீரெல்லாம் நல்ல நீராகிவிடாது. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயின் வித்து, நீரில் வாழும் மிகச்சிறிய தெள்ளுப்பூச்சியின் உடலில் தங்கியிருக்கும். அந்நீரைப் பருகியவர் காலில் ஓராண்டு கழித்துக் கொப்புளம் எழும். அதனின்று ஒரு முழத்தினும் நீண்ட புழு வெளிப்படும். அந்நோய்க்கு மருந்தில்லை; தடுப்பதற்கோ நெருக்கமாக நெய்த துணியொன்று போதும். நீரைத் துணியில் வடித்தும், குளங்களைக் காத்தும் நம் நாட்டினர் அதனை வென்றனர். இந்தியாவில் இறுதியாக அந்நோய் காணப்பட்டது 1996-ஆம் ஆண்டில். 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாடு அதனின்று விடுபட்டதெனச் சான்றளித்தது.

இனிக் காப்பிக்கு வருவோம். அடியில் துளைகளையுடைய மேற்பாத்திரத்தில் பொடியை இட்டு, குடைபோன்ற தட்டால் அமுக்கி, கொதிநீர் ஊற்றிக் கீழ்ப்பாத்திரத்தில் டிகாக்‌ஷன் இறக்குவது நம் வீட்டு முறை. தேநீர்க் கடைகளிலோ, வளையத்திற் கோத்த நீண்ட துணிப்பை. பித்தளை தலைமுறை கடந்தும் உழைக்கும். துணியை அவ்வப்போது நன்கு அலசாவிட்டால் எண்ணெய்ச் சிக்கு ஏறி, அடுத்த காப்பியின் மணத்தைக் கெடுத்துவிடும்.

தாள் வடிகட்டி செருமானியப் பெண்மணி ஒருவரின் ஆக்கம். திரெசுதன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்சு, காப்பியில் மண்டி கலந்து கசப்பதை வெறுத்தார். பித்தளைக் குவளையின் அடியில் ஆணியால் துளையிட்டு, பள்ளியிற் படித்த தம் மகனின் ஏட்டிலிருந்து ஒற்றுத்தாளைக் கிழித்து அதன்மேல் விரித்தார். காப்பி தெளிவாக இறங்கியது. 1908-இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். ஏட்டைக் கிழித்ததற்காக அம்மகன் ஆசிரியரிடம் என்ன விடை கூறினானோ!

எனக்கு இத்தாளோடு உறவு ஏற்பட்டது மருத்துவரால். குருதியிற் கொழுப்பு மிகுந்துள்ளது என்று கண்ட அவர், காப்பியைத் தாளில் வடித்துப் பருகுமாறு கூறினார். காப்பிக்கொட்டையின் எண்ணெயில் கபெஸ்டால் என்றொரு பொருள் உண்டு. அது குருதிக்கொழுப்பை உயர்த்த வல்லது. பொடியைக் கொதிக்கவிட்டு வடிகட்டாமற் குடிக்கும் காப்பியில் அது மிகுதி. தாள் அதனைப் பெரும்பாலும் தன்பால் நிறுத்திக்கொள்ளும். உலோகத் துளைகளுக்கு அத்திறம் இல்லை. பசுநெய்யும் பலகாரமும் உண்டுகொண்டே தாளை மட்டும் நம்புவது பயனற்றது என்பதையும் அவரே சொன்னார்.

மதுரையிலிருந்து மகன் புனல் ஒன்றும் இருவகைத் தாள்களும் வாங்கி வந்தான். தாளைத் தேர்வதில் முதலிற் காணவேண்டியது வடிவம். கூம்புப் புனலுக்குக் கூம்புத்தாள், தட்டையான அடிக்குத் தட்டைத்தாள். அளவு மாறினால் விளிம்பு மடிந்து மண்டி உள்ளே விழும். அடுத்தது கனம். தடித்த தாளில் நீர் மெல்ல இறங்கும். மெல்லிய தாளில் விரைந்து இறங்கும். வெளுத்த தாள், வெளுக்காத பழுப்புத்தாள் என்னும் நிறவேற்றுமை சுவையிற் சிறிது தெரியும். பழுப்புத்தாளில் இறங்கிய காப்பியில் நனைந்த அட்டையின் வாடை எனக்குப் பட்டது. முதலில் வெந்நீரால் நனைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் வாடை பெரிதும் குறையும்.

ஆயினும் நம்மூர்ப் பொடி தாளுக்கு ஏற்றதன்று. மிக நுண்ணியதாய் அரைத்து, சிக்கரியும் கலந்திருப்பதால் தாளின் துளைகள் அடைபட்டு, குவளை நிறைவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. சிக்கரியின்றிச் சற்றுப் பருவெட்டாக அரைத்து வாங்கிய பின்னரே எளிதாக இறங்கிற்று. அதுவும் பாலோடு சேர்க்கும் அளவுக்குத் திண்மையில்லாத காப்பி. இப்போது காலையில் பாலின்றி அதனையே பருகுகிறேன். நாக்கு பழகத் திங்கள் இரண்டாயிற்று. விருந்தினருக்குப் பித்தளை வடிகட்டியே இன்றும் பயன்படுகிறது. அவர்களுக்கு ஆறிய காப்பியைக் கொடுக்க என் மனைவிக்கு மனமில்லை. எஞ்சிய பழுப்புத்தாள்களுள் ஒன்றில் அவள் நெய் வடித்துப் பார்த்தாள். மெல்ல மெல்லச் சொட்டியது கண்டு, பன்னாடையையே மீண்டும் எடுத்துக்கொண்டாள்.