நிலவேம்பு செய்வதும் செய்யாததும்

நீலாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

"ஆஸ்பத்திரி மாத்திரை குமட்டுது, நிறுத்திட்டு நிலவேம்பு மட்டும் குடிக்கட்டுமா? நீதானே அதை ஆராய்ச்சி பண்றே" என்று உங்கள் முடக்குவாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

நிலவேம்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அப்பாயி வளர்த்த செடி அது. காய்ச்சல் என்று வாயைத் திறந்தாலே கஷாயம்தான். கம்பத்து மலாய்க்காரர்கள் அதையே ஹெம்பெடு பூமி என்று இனிப்புநீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் குடிக்கிறார்கள். 2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டு அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பர்பாடகம், சுக்கு, மிளகு என்று மொத்தம் 9 சரக்கு.

முதலில் உங்கள் முட்டி ஏன் வீங்குகிறது என்று சொல்கிறேன். நம் உடம்பில் மாக்ரோபேஜ் என்ற உயிரணுக்கள் உண்டு. கிருமியை விழுங்குவது அவற்றின் வேலை. கிருமி வந்ததும் டிஎன்எஃப் ஆல்ஃபா, நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற பொருள்களை வெளிவிட்டு மற்ற அணுக்களையும் வரவழைக்கும். அதனால்தான் வீக்கம், சூடு, வலி. அணுவுக்குள் இந்த ஆணையைப் பிறப்பிப்பது என்எஃப்-கப்பா பி என்ற புரதம். தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முடக்குவாதத்தில் கிருமியே இல்லாமல் அந்தக் கங்காணி ஓயாமல் ஆள் அனுப்புகிறார்; வந்தவர்கள் மூட்டையே அரிக்கிறார்கள்.

நிலவேம்பின் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. அது என்எஃப்-கப்பா பி-யின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, மரபணுவைப் பிடிக்க விடாமல் தடுக்கிறது என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கங்காணி பெரட்டுக்கு வருகிறார், ஆனால் பெயர் கூப்பிட முடிவதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் இதைப் பார்ப்பது எளிது. காய்ந்த இலைத்தூளை எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, எத்தனால் ஆவியாகிப் போனதும் மிஞ்சும் பசையை எடுப்போம். எலியின் மாக்ரோபேஜ் அணுக்களுக்கு அதைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைப் போட்டு அவற்றைச் சீண்டுவோம். மறுநாள் கிரீஸ் திரவத்தை விட்டால், நைட்ரிக் ஆக்ஸைடு எவ்வளவு உண்டானதோ அந்த அளவுக்கு இளஞ்சிவப்பு ஏறும். ஆய்வுத் தட்டில் சாறு கொடுத்த குழியில் நிறம் மங்கும். உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. செத்த அணுவும் எதையும் சுரக்காது. அதனால் அணுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியே சோதித்த பிறகுதான் எங்கள் பேராசிரியர் நம்புவார்.

ஆனால் அத்தை, தட்டில் இருக்கும் அணு சாற்றில் நேராக மூழ்கிக் கிடக்கிறது. நீங்கள் குடிக்கும் கஷாயம் குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் முட்டிக்குப் போக வேண்டும். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. ரத்தத்தில் சேருவதும் கொஞ்சம்தான். சிலி நாட்டில் முடக்குவாதக்காரர்கள் 60 பேரிடம், அளவிட்டுச் செய்த நிலவேம்பு மாத்திரையை 14 வாரம் சோதித்தார்கள். 2009இல் முடிவு வந்தது. வலி குறைந்தது, ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. துணைக்கு உதவலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நீங்கள் வாரம் ஒரு நாள் போடும் ஆஸ்பத்திரி மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அது ஈடாகாது.

இப்போது நீங்கள் குடித்த ஜாமு என்ற மூலிகை மருந்துக்கு வருகிறேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய புட்டியைக் குடித்ததும் மறுநாளே வலி பறந்துவிட்டது என்றீர்கள். எனக்குப் பயம் அங்கேதான். எந்த மூலிகையும் முட்டியை ஒரே இரவில் ஆற்றாது. மலேசியாவில் பிடிபட்ட இப்படிப்பட்ட ஜாமுக்கள் பலவற்றில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. அதுவும் அதே கங்காணியின் வாயைத்தான் அடைக்கிறது, ஆனால் பலமடங்கு வலுவாக. அதனால் வலி போனதை வைத்து மூலிகை வேலை செய்தது என்று முடிவு கட்ட முடியாது. மாதக்கணக்கில் குடித்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும்.

ஆகவே, மெத்தோட்ரெக்ஸேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். குமட்டலை டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் சேர்ப்பார், அல்லது ஊசியாக மாற்றுவார். மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், நிலவேம்பு குடிப்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். இனி வாங்கும் மூலிகைப் பெட்டியில் எம்ஏஎல் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை எனக்கு அனுப்பினால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவில் தேடிச் சொல்கிறேன்.

ஜாமுவைப் பல வாரமாகக் குடித்திருந்தால் அதையும் சட்டென்று விடாதீர்கள். ஸ்டீராய்டு பழகிய உடம்பு திடீரென்று அது இல்லாமல் போனால் மயங்கி விழும் அளவுக்கு மோசமாகலாம். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று இரவே எனக்கு போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அண்ணன் மகள்